ஏஸ்தர் அன்ரியின் இரண்டாவது கொப்பி

என் ஏஸ்தர் அன்ரிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் டூங்கபி வீட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி, உங்கள் யூதத் தொழுகைக்கூடத்தின் பின் அறைக்கு இன்னும் வருகிறேன். வாசலில் காவலாளிகள் இப்போது இரண்டு பேர். என் பையைத் திறந்து, இடியப்பப் பெட்டியைக் கண்டு சிரித்துவிட்டு உள்ளே விடுகிறார்கள். உங்கள் கதிரையில் நான் உட்காருவதில்லை.

ஒரு பெரிய பிழை செய்துவிட்டேன் அன்ரி.

போருக்குத் தப்பி சிட்னிக்கு வந்த உங்கள் சனத்தின் வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டீர்களே, "பெட்டியில் என்ன கொண்டு வந்தாய்?" என்று. ஒருத்தி இறகுப் போர்வை என்றாள். ஒருவர், இல்லாமல் போன வீட்டைப் பூட்டிய திறப்பு என்றார். எல்லாவற்றையும் உங்கள் இத்திஷ் மொழியில் இரண்டு கொப்பிகளில் எழுதினீர்கள். அவற்றைக் கணினியில் ஏற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண்காட்சி வைப்பதுதான் நம் திட்டம். நீங்கள் வாசித்துச் சொல்லச் சொல்ல நான் தட்டி, நீல அட்டைக் கொப்பியை முடித்தோம். "மற்றதைப் பிறகு தருகிறேன், அதன் கடைசிப் பக்கத்தில் என் பெட்டியும் இருக்கிறது" என்றீர்கள். அதற்குள் ஆஸ்பத்திரி.

உங்கள் மகன் டேனியல் அறையைத் துப்புரவாக்கி ஒதுக்க என்னைத்தான் கூப்பிட்டார். கடவுளின் பெயர் உள்ள பழைய தாளைக் குப்பையில் போடக் கூடாது, மனிதரைப் போல மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லித் தந்தது நீங்கள்தானே? கிழிந்த செபப் புத்தகங்களோடு அட்டை போன ஒரு கட்டுத் தாளும் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இரண்டு சின்ன எழுத்து, கடவுள் துணை என்பதற்கு. எங்கள் வீட்டில் கடிதத்துக்கு மேல் பிள்ளையார் சுழி போடுவதில்லையா, அதைப் போல. முதல் கொப்பியில் அது இல்லை. அங்கிள் இறந்து நீங்கள் தனியான பிறகுதான் போடத் தொடங்கினீர்களாம், டேனியல் இப்போது சொல்கிறார். நான் யாரோ கையால் எழுதி வைத்த செபம் என்று நினைத்தேன். வாசிக்கத் தெரியாதவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்து வருடம் வந்து போனதில் எல்லாம் தெரியும் என்ற கொழுப்பு. கண்ணில் ஒற்றி, அடக்கம் செய்யும் பெட்டிக்குள் வைத்தேன்.

அந்தப் பெட்டியைப் புதைத்த அன்று எல்லோரும் ஆளுக்கு ஒரு மண்வெட்டி மண் போட்டார்கள். நான் மூன்று போட்டேன்.

போன ஞாயிறு டேனியல் கேட்டார்: "அம்மாவின் இரண்டாவது கொப்பி அட்டை இல்லாதது. மேலே அந்த இரண்டு எழுத்து இருக்கும். எங்காவது கண்டீர்களா?" "தேடிப் பார்க்கிறேன்" என்றேன். பொய். அவர் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். அதைக் குடிக்கவும் செய்தேன், வெட்கம் கெட்டவள்.

வீட்டில் இவரிடம் சொன்னேன்.

"உண்மையைச் சொல்லிப் போடும். சொல்லாட்டி உமக்கு நித்திரை வராது."

"சொன்னா இனி அந்த அறைக்குள்ள என்னை விடுவினமோ?"

"விடாட்டி விடாமல் இருக்கட்டும். அது அவையின்ர சாமான், உம்மட இல்லை."

சரிதான். ஆனாலும் பயமாக இருக்கிறது. தெருவில் சுவர்களில் உங்கள் சனத்தைப் பற்றிக் கண்டபடி எழுதுகிறார்கள். கண்காட்சியில் எங்கள் பெயரைப் போடாதீர்கள் என்று சில குடும்பங்கள் சொல்லிவிட்டன. இந்த நேரம் பார்த்து வெளியாள் ஒருத்தி கொப்பியைப் புதைத்தாள் என்றால் என்ன நினைப்பார்கள்? தோண்டி எடுக்க உங்கள் மதகுரு சம்மதிப்பாரா? இந்த மாரி மழை மையை விட்டு வைத்திருக்குமா? உங்கள் பெட்டியில் என்னதான் இருந்தது அன்ரி?

வருகிற ஞாயிறு டேனியலிடம் சொல்லிவிடுவேன். தோண்டலாம் என்றால் முதல் மண்வெட்டி என் கையில். கூடாது என்றால், என்னை விடுவார்களானால், உங்கள் கேள்வியோடு அந்த வீடுகளின் கதவை மறுபடி தட்டுவேன். இருப்பவர்கள் சொல்லட்டும், இல்லாதவர்களுக்குப் பிள்ளைகள் சொல்லட்டும். முதலில் டேனியலிடம்தான் கேட்பேன், அம்மா பெட்டியில் என்ன கொண்டு வந்தார் என்று. அவருக்கும் நீங்கள் சொல்லியிருக்கவில்லை என்றால், அந்தப் பதிலை மண் போட்டு மூடியது என் கைதான்.

போகிற இடமெல்லாம் நீங்கள் "என் டூங்கபி மகள்" என்று சொல்லித் திரிந்த,
வதனி