சின்னு செய்த தட்டையடிப் படகு

2-12-1979

தம்பி சின்னு, நீ கண் மூடி இன்றோடு நாற்பத்தொரு நாள். மஞ்சள் காமாலையோடு மெட்ராசிலிருந்து வந்தவன், படகை முடித்துவிட்டுத்தான் படுத்தாய். ஒரு நாள்கூடத் தண்ணீரில் விடவில்லை. மாட்டுக் கொட்டகை ஓரமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. பலகையைப் பிரித்துக் கொட்டகைக்குக் கதவு போடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர், உன் மாமா. பொங்கல் வரைக்கும் விடுங்கள் என்றேன். ம் என்றார்.

6-12

மழை.

9-12

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. நம் மேட்டு நிலத்துக்குப் போகிற வழியில் கழுத்தளவு தண்ணீர். நவரைப் பட்டத்துக்கு அங்கேதான் விதைக்க வேண்டும்.

மீன் குத்தகைக்காரர் வேதாசலம் தன் படகில் போனதைப் பார்த்தேன். ஒல்லிப் படகு, உருண்டை அடி. வேகமாகத்தான் போகிறது. ஆனால் வெற்றிலை துப்ப அவர் தலை சாய்த்தால் படகும் கூடவே சாய்கிறது. நீ சொன்னது ஞாபகம் வந்தது.

"உருண்டை அடி ஓடும், நிக்காதுக்கா. தட்டை அடி நிக்கும், ஆனா காத்து தள்ளிக்கினு போயிடும். அதுக்குத்தான் அடியில நீளமா ஒரு கட்டை அடிக்கிறேன். அது தண்ணியப் புடிச்சிக்கினு நேரா போவும்."

மெட்ராசில் நீ படகு வேலை செய்த இடத்தில் போட் கிளப்புக்காரர்களின் மோட்டார் படகு போனால், பின்னால் தண்ணீர் மடிந்து வருவதைப் பார்த்தே அடி எப்படி என்று சொல்லிவிடுவேன் என்றாய். உலை கொதிக்கிறது என்று பாதியில் எழுந்து போய்விட்டேன். உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

12-12

விதை நெல் முளைவிட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் படகை இறக்க உன் மாமா ஒத்துக்கொண்டார். "கவுந்துச்சின்னா கோடாலிதான், அப்பறம் கண்ணக் கசக்கிக்கினு நிக்காத" என்றார்.

13-12

படகு மானத்தை வாங்கிவிட்டது. உன் மாமா நாலு மூட்டை விதை ஏற்றிக் கழி ஊன்றித் தள்ளினார். மூக்கு அமுங்கிப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, போன இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. முன்னால் தண்ணீர் ஏறவே கரைக்குத் திருப்பிவிட்டார்.

"இன்னாமா, உன் தம்பி மாட்டுக்குத் தண்ணி காட்டத் தொட்டி செஞ்சிட்டுப் போயிருக்கான்" என்றார் வேதாசலம். எல்லாரும் சிரித்தார்கள். நாளைக்குப் பிரித்துவிடலாம் என்றார் உன் மாமா.

ஒரு நிமிஷம் நானும் நெனச்சிட்டேன்டா, நீ தப்பா செஞ்சிட்டியோன்னு. எப்படி நெனச்சேன் நான் — கூடப் பொறந்தவளா நான்?

14-12

விடிந்ததும் உன் மாமா கோடாலியோடு வந்தார். மூட்டைகள் இன்னும் படகிலேயே இருந்தன. நாலும் மூக்கில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நுகத்தடி மாட்டின் கழுத்தில் உட்கார வண்டிக்கு முன்பாரம் வேண்டும். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர், படகுக்கும் அப்படியே ஏற்றிவிட்டார்.

"முன்னாடி பாரம் வச்சியே, இதுக்கு மாடு எங்க கீது?" என்றேன்.

 கோடாலியைக் கீழே வைத்துவிட்டு மூட்டைகளை நடுவில் நகர்த்தினார். நானும் ஏறிக்கொண்டேன். கவிழ்ந்தால் இரண்டு பேருமாகக் கவிழட்டும்.

நேராகப் போனது, சின்னு. காற்று அடித்தும் விலகவில்லை. நடுத் தண்ணீரில் எழுந்து நின்றேன். வீட்டுத் தரையில் நிற்பது போல இருந்தது. பின்னால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே அளவாக மடிந்து வந்தது. எவ்வளவு கெட்டிக்காரன் நீ. உன் மாமா திரும்பிப் பார்த்துவிட்டு, "பையன் வேலைக்காரன்தான்" என்றார். 

முளை ஒடியாமல் விதைத்துவிட்டோம்.

21-12

நாற்றங்கால் பச்சை பிடித்திருக்கிறது.

6-1-1980

கதவுப் பேச்சை உன் மாமா விட்டுவிட்டார். இன்று வேதாசலம் தச்சர் ராஜாராமோடு வந்தார். "தொட்டிக்காரம்மா, எனக்கும் ஒரு தொட்டி வோணும்" என்றார் சிரித்துக்கொண்டே. ராஜாராம் படகைக் கவிழ்த்துப் போட்டு மதியம் வரை கயிறு பிடித்து அளந்தார். அகலம், பக்கப் பலகையின் சாய்வு, அடியில் உள்ள நீளக் கட்டை எல்லாம் அவருக்குப் புரிந்தது. ஒன்று மட்டும் புரியவில்லை. பின்பக்கம் போகப் போக அடிப்பலகை இரண்டு விரல் மேலே ஏறியிருக்கிறது.

"கை தவறியிருக்கும். புதுசுல நேராக்கிடலாமா?" என்று என்னைக் கேட்டார்.

வேண்டாம், இருக்கிறபடியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். 

அந்த ரெண்டு விரல் எதுக்குடா, சின்னு?