கட்டி போகவில்லை, அண்ணா

அரியூர் நாடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள கார்த்தி அண்ணனுக்குத் தங்கை தேன்மொழி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்றுதான் அம்மா சொல்லச் சொல்ல இதுவரை உனக்கு எழுதினேன். இன்று அம்மா சொல்லவில்லை, அவள் நலமாகவும் இல்லை. வீடு தூங்கியபின் நானே எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருப்பார். தபால் போய்ச்சேர நாளாகும் என்பதால் காலையில் வனிதா டீச்சர் இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவார்.

அம்மாவின் தலையிலிருந்து எடுத்த கட்டியைச் சோதித்த ரிப்போர்ட் வந்துவிட்டது. அப்பா மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டரிடம் நான்தான் கேட்டேன். செல்கள் பெருகுவதைக் காட்டும் ஒரு புரதம் மிக அதிகமாம், எடுக்க முடியாமல் விட்டது சீக்கிரம் வளர்ந்துவிடுமாம். மருந்தை முறிக்கும் இன்னொரு புரதம் குறைவாக இருப்பதால் மாத்திரை கேட்குமாம். முழுக்கக் குணமாகும் என்று அவர் சொல்லவில்லை. வியாழக்கிழமை கதிர்வீச்சு, அதுதான் இங்கே சொல்கிற கரண்டு, வைக்க ஆரம்பித்தால் காலம் கிடைக்கும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். அப்பாவோ ஊருக்கு வந்ததும் கோயிலில் பூக்கேட்டுவிட்டார். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, கட்டி போயிருச்சா சாமி என்று கேட்டார், எடுத்த பொட்டலத்தில் ஆமாம் என்கிற வெள்ளை வந்தது. சாமியே போயிருச்சுன்னு சொல்லியாச்சு, இனி எதுக்குக் கண்ணு தலைக்குக் கரண்டு என்கிறார். டாக்டர் சொன்னதை நான் சொன்னதும் செல்லமுத்து பெரியப்பா, டாக்டரம்மா வந்துட்டாங்க, எந்திரிச்சு நில்லுங்கப்பா என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நேற்று கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே அதன் பேர் தெரியாமல் என்னைப் பார்த்தாள். மிளகு பாதி இன்னும் கொடியிலேயே இருக்கிறது, பறிக்க யாருக்கும் மனமில்லை. ஒரே கேள்வியை இரண்டாம் முறை சாமியிடம் கேட்கக் கூடாதாம். நீ வந்து, கரண்டு வைக்கலாமா என்று வேறு கேள்வியாகக் கேட்டால் அப்பா ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். சிவப்பு வந்துவிட்டால்? வேண்டாம் அண்ணா, கேட்கவே கேட்காதே. நேராக மலையடிவாரம் காரவள்ளிக்கு வா. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அம்மாவை நானே இறக்கிக் கூட்டி வருகிறேன். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட எனக்கு வயது போதாது, அதற்குத்தான் நீ.

நேரத்துக்குச் சாப்பிடு சாமி, போர்வெல் லாரியில் குழாய் இறக்கும்போது தள்ளி நில்லு என்று அம்மா எப்போதும் சொல்வதை நானே எழுதிவிடுகிறேன். அவளுடைய ஆசீர்வாதம் உனக்கு உண்டு, வாயில் வராவிட்டாலும் உண்டு. வியாழக்கிழமையை மறந்துவிடாதே. அப்பாவிடம் சொல்லிவிடாதே. அம்மாவிடம் மட்டும் நீ வருவாய் என்று சொல்லிவிட்டேன்.

உன்னை நம்பியிருக்கும் தங்கை,
அ. தேன்மொழி