பேதுரு காலை நீட்ட மாட்டான்

அன்பு அம்மா, பள்ளிக்கூட வாசலுக்குள் மட்டும் எனக்கு டீச்சராகிவிடும் அம்மா,

அப்பா செல்போன் வாங்கிவிட்டார். அதில் பாம்பு விளையாட்டுக்கு நான்தான் சாம்பியன். எச்சில் தட்டு கழுவுவதிலும் நானேதான். அதற்கு மட்டும் வீட்டில் போட்டியே இல்லை. நீ காய்ச்சலில் கண்ணை மூடிய ஐப்பசிக்குப் பிறகு வேறென்ன மாறியிருக்கிறது? சொல்கிறேன்.

நாளை நம் பள்ளியில் பாதம் கழுவும் சடங்கு. இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, ஃபாதர் பன்னிரண்டு பிள்ளைகளின் காலைக் கழுவுவார். நீ நன்னெறி வகுப்பு எடுத்தவரை எல்லார் பெயரையும் சீட்டில் எழுதி டிபன் டப்பாவில் குலுக்குவாய். வேதக்காரப் பிள்ளை, இந்துப் பிள்ளை, மளிகைக்கடை மும்தாஜ், யார் பெயர் வந்தாலும் சீடர்தான்.

"சீடர்ல பொம்பளை ஏது டீச்சர்?" என்று உன்னைச் சீண்டினேனே, நினைவிருக்கிறதா?

"சிலுவைக்குக் கீழ நின்னது யாருலே? உன்னைய மாதிரி வீரனுக முக்காவாசிப் பேரு ஓடிட்டானுக" என்றாய். வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது.

இந்த வருடம் டப்பா இல்லை. "கோயில்ல ஆம்பளைகதான உக்காருறாக? இங்கனயும் அப்படித்தான். பொம்பளப் பிள்ளைக தண்ணி எடுக்கட்டும், துண்டு மடிக்கட்டும்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அதிலும் கத்தோலிக்கப் பையன்கள் மட்டும். வாய் நீளம் என்று எனக்குப் பேதுரு வேடம். பேதுரு முதலில் காலைக் காட்ட மறுப்பான், பிறகு சம்மதிப்பான். அதுதான் நாடகம்.

இன்று ஒத்திகை. ஃபாதர் குனிந்தார். நான் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டு "வேண்டாம் ஃபாதர்" என்றேன். அடுத்த வசனத்துக்காக அவர் சிரித்தபடி காத்திருந்தார். நான் சொல்லவே இல்லை.

"காலைக் கழுவ வந்தா காலை வாருறியாலே?" என்று சீறினார் தலைமையாசிரியர்.

வாசலில் மாரீஸ்வரி குடத்தோடு நின்றாள். நாரணாபுரத்தில் விடியுமுன் பட்டாசு வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள். போன வருடம் உன் டப்பாவில் முதலில் வந்த பெயர் அவளுடையது. "அவ உக்காரட்டும் சார், நான் தண்ணி ஊத்துறேன்" என்றேன்.

"அவ நம்ம சபை இல்லையேப்பா" என்றார் ஃபாதர், மெதுவாக.

"யூதாசுக்கே கழுவுனாகளே ஃபாதர். இவ யாரைக் காட்டிக்கொடுத்தா?"

ஃபாதர் கையில் துண்டு அப்படியே நின்றது. தலைமையாசிரியர்தான் கத்தினார்: "வெளிய போலே! நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு..."

பழக்கதோஷம். பாதியில் நின்றுவிட்டது.

"அவுகதான் சார் அனுப்புனாக" என்றேன். குரல் கொஞ்சம் இடறியது. அதை நீ கண்டுகொள்ளாதே.

முடிவு எதுவும் சொல்லாமல் ஃபாதர் எழுந்து போனார். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மாரீஸ்வரி வந்து கேட்டாள்: "ஏலே பேதுரு, நாளைக்குக் காலைக் கழுவிட்டு வரணுமா, அழுக்கோட வரணுமா?"

"அழுக்கோட வா" என்றேன்.

நாளை நான் குடத்தோடுதான் நிற்பேன், அம்மா. அவள் உட்காரும்வரை பேதுருவின் நாற்காலி காலியாகக் கிடக்கட்டும். பள்ளியைவிட்டே விரட்டினாலும் வாசல் குழாயடி இருக்கிறது, உன் டிபன் டப்பா என் பையில் இருக்கிறது. குலுக்குவேன்.

தட்டு கழுவப் பழகிய கையோடு,
உன் மகன், உன் மாணவன்,
சேவியர்