வட்டச் சீல், சற்றுச் சாய்வாக

நாசரேத்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சுதாவுக்கு,

ஜெஸ்டின் எழுதுவது. நானும் அனுஜாவும் சுகம். மஸ்கட்டில் உன் ஆஸ்பத்திரியில் இரட்டை டூட்டி குறைந்ததா? போனில் பேசினால் பாதியில் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

குழந்தைகள் தினத்தன்று நம் பிள்ளை மட்டும் யூனிஃபார்மில் போய் நின்றாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் கலர் டிரஸ். பள்ளி இணையதளத்தில் மூன்று நாளாக அறிவிப்பு கிடந்திருக்கிறது, படமாக. எழுத்தாக இருந்தால் என் போன் வாய்விட்டு வாசிக்கும். படம் என்றால் 'படம்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். வழக்கமாக அங்கிருந்து நீ வாசித்துச் சொல்வாய். அந்த வாரம் உனக்கு ஓய்வில்லை.

அன்றே சாத்தான்குளத்திலிருந்து அத்தை போன் செய்தார்கள். "கண்ணு தெரியாம நீங்க எப்படி மாப்ள பிள்ளையப் படிக்க வைப்பிய? இங்கன கொண்டாந்து சேத்துருவோம்." நீயும் 'யோசிப்போம்' என்றாய். அந்த ஒரு சொல்லால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வங்கியில் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை தேவமணி டீச்சர் நல்ல மாதிரிதான். வீட்டில் வேறு யாராவது வாசித்துச் சொல்ல மாட்டார்களா என்று கேட்டார். எரிச்சல் வந்தது. அந்த இணையதளத்தைத் திறந்தால் திரையில் பூ உதிர்கிறதாம், அனுஜா சொல்கிறாள். பூ உதிர வைக்கத் தெரிந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவனுக்குக் கண் தெரியாமல் இருக்கலாம் என்று தோன்றவில்லை. "எம் பிள்ளைக்கு வந்தத நான் வாசிக்கணும் டீச்சர். இது சலுகை இல்ல" என்றேன். அவர் கிளார்க் பால்துரை அண்ணாச்சியைக் கூப்பிட்டு, அறிவிப்புகளை எழுத்தாகப் போடச் சொன்னார்.

அண்ணாச்சிக்குச் சீல் இல்லாத தாள் தாளே இல்லை. படத்தை எடுக்க மாட்டேன், படத்தில் இருப்பதை எழுதி வைக்கிறேன் என்றார். மறுநாள் ஒரு லீவு அறிவிப்பு வந்தது. வங்கியில் இருந்து கேட்கிறேன், போன் வாசிக்கிறது: 'மேலே பள்ளியின் பெயர். கீழே தலைமையாசிரியை கையெழுத்து, பச்சை மை. பக்கத்தில் வட்டச் சீல், சற்றுச் சாய்வாக.' அவ்வளவுதான். கவுண்டரில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தும்படி சிரித்துவிட்டேன்.

சனிக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்று போனைக் கையில் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டார்.

"என்னைக்கு லீவுன்னே சொல்லலையே தம்பி" என்றார்.

அன்றே படத்துக்குக் கீழே விஷயம் முழுவதையும் எழுத்தில் தட்டினார். பழைய அறிவிப்புகளுக்கும் தட்டிக்கொண்டிருக்கிறார். மார்க் பார்க்கும் பக்கம் இன்னும் சரியாகவில்லை. அதில் கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து எழுதினால்தான் நான் மனிதன் என்று ஒத்துக்கொள்ளுமாம். அதையும் விட மாட்டேன்.

திங்களன்று முதன்முறையாக நானே வாசித்தேன்: புதன்கிழமைக்கு ஐந்து வகை இலை கொண்டுவர வேண்டும். சாயங்காலம் இருவரும் தெருவில் இறங்கினோம். அவள் பறித்துத் தந்தாள், நான் கசக்கி முகர்ந்து பெயர் சொன்னேன். நொச்சி, வேம்பு, கொய்யா, துளசி. ஐந்தாவது பிடிபடவில்லை. "பூவரசுப்பா, இதுகூடத் தெரியலையா" என்று தெரு முழுக்கக் கேலி செய்துகொண்டே வந்தாள்.

வரும் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். நான் போகிறேன். அத்தை மேல் கோபமில்லை, பேத்தி மேல் உள்ள பாசம்தான். ஆனால் அவர்களிடம் நீதான் பேச வேண்டும்.

கர்த்தர் உன்னை அங்கே நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும். டூட்டி முடிந்ததும் இனி நீ தூங்கு. பிள்ளை என்னோடு இருக்கட்டும் சுதா.

உன்
ஜெஸ்டின்