இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

ஜூன் 9, திங்கள்

சாம்பார் தாளிக்கும்போது ஆரம்பித்தது, பாத்திரம் கழுவி முடித்தும் ஓயவில்லை. கார் வாங்கப் போகிறோம். அதில் கியர் இருக்க வேண்டுமா, வேண்டாமா — இந்த வீட்டில் இப்போதைக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை கிடையாது.

தினமும் ஓட்டப்போவது நான். ஒரகடத்தில் காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டிக் கட்டியே என் விரல்கள் காய்த்துப்போன பிறகு, இப்போதுதான் சுங்குவார்சத்திரம் புது யூனிட்டில் லைன் லீடர் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் சேர வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். ஒரகடத்துக்கு எங்கள் வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி வேன் உண்டு, புது யூனிட்டுக்குக் கிடையாது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. அதனால் கார். அதனால் எனக்குச் சுலபமாக ஓட்ட வருகிற கார். இதில் புரியாதது என்ன?

என் வீட்டுக்காரர், அதாவது இவர், சொல்கிறார்: "கியர் இல்லாத வண்டி இன்னா வண்டி? பேசாம பொம்மை கார் வாங்கி வூட்டுக்குள்ளயே ஓட்டு."

ஜூன் 15, ஞாயிறு

டிரைவிங் வகுப்புக்கு இவரும் வந்தார். வராதீர்கள் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் போனது என் தப்பு. பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்... கிளட்ச்... பாதி வுடு... அய்ய, பாதின்னா பாதி!" என்று ஒரே கத்தல்.

ஒரகடம் மேம்பால ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் கன்டெய்னர் லாரி. அவன் அடித்த ஹாரனில் எனக்கு வலது எது, இடது எது என்றே மறந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடி நிற்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

கற்றுக்கொடுக்கும் வானமாமலை மாஸ்டர் திரும்பி இவரைப் பார்த்து, "சார், ஒரு வண்டிய ரெண்டு பேரு ஓட்டுனா ஊரு போய்ச் சேருமா?" என்றார். அதோடு வாய் மூடியது. வீட்டுக்கு வந்ததும் திறந்தது.

ஜூன் 16, திங்கள்

இடது முட்டி வீக்கம். நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிற கால் இது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஷோரூம் போனோம். ஷெர்லின் என்று ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். ஆட்டோமேட்டிக்கை ஓட்டிப் பார்க்க வெளியே எடுத்தார்கள். முதலில் ஓட்டியது யார்? வேறு யார்.

தெருமுனையில் வளைவதற்கு முன், பழக்கதோஷத்தில் இவருடைய இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்தது. ஓங்கி ஒரு மிதி. ஷெர்லின் கையிலிருந்த டேப்லெட் பறந்துபோய் முன்னால் விழுந்தது. என் நெற்றி சீட்டில் மோதியது.

"பிரேக் சரியில்லம்மா இதுல," என்றார் இவர்.

"பிரேக் சரியாத்தான் சார் இருக்கு. இடது காலை ஓரமா வெச்சிடுங்க. அதுக்கு இந்த வண்டியில வேலையே இல்ல."

அடுத்து நான் ஓட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, கால் என்ன செய்கிறது என்று கவலைப்படாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். நெரிசலில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக மெல்ல நகர்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் அதற்கும் ஏதாவது சொல்வார்.

திரும்பும் வழியெல்லாம் மைலேஜ் வராது, ரிப்பேர் ஆனால் தீட்டிவிடுவார்கள், மறுவிற்பனை போகாது என்று வரிசையாகக் காரணங்கள். என் முட்டி மட்டும் அந்த வரிசையில் எங்கும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

இன்றுதான் உண்மையான காரணம் வெளியே வந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் இவர் வேலை பார்ப்பது கியர்பாக்ஸ் லைனில். கையால் கியர் மாற்றுகிற வண்டிகளுக்கான கியர்பாக்ஸ். அந்த லைனில் மூன்று ஷிப்டில் ஒன்றை நிறுத்திவிட்டார்களாம். ஜனங்கள் எல்லோரும் ஆட்டோமேட்டிக் கேட்கிறார்களாம். ஒரு மாதமாக என்னிடம் சொல்லவில்லை.

"நானே போய் ஆட்டோமேட்டிக் வாங்கினா லைன்ல எவன் மூஞ்ச பாக்குறது? நாமளே நம்ம சோத்துல மண்ண போட்டுக்கினு..."

பாவமாகத்தான் இருந்தது. சாப்பிடாமல் எழுந்து போனார், தட்டை மூடி வைத்தேன். ஆனால் பத்து நிமிஷத்தில் பாவம் போய் கோபம் வந்துவிட்டது. நாட்டில் விற்கிற வண்டியை எல்லாம் நானா முடிவு பண்றேன்? ஒரு லைனைக் காப்பாத்த என் முட்டிதான் கெடச்சுதா? இதை அவரிடம் கேட்டிருக்க வேண்டும். இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 19, சனி

கேட்டுவிட்டேன். வீடு இரண்டு பட்டது. கடைசியில், "சரி, உன் இஷ்டம். உன் வண்டி, நீயே ஓட்டிக்கோ. நான் தொடக்கூட மாட்டேன்," என்றார்.

ஆட்டோமேட்டிக் புக் செய்தாயிற்று. என் பெயரில். லைசென்ஸும் வந்துவிட்டது, போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். பரவாயில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வண்டி வந்தது. போட்டோ எடுக்க அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைக் கொடுப்பார்களே, அதை நேராக இவர் கையில் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் ஆரத்தித் தட்டு மாதிரி நின்றேன். கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கியதும் இவர்தான். தொடமாட்டேன் என்றவர்தான்.

நல்ல நாளில் வாயைத் திறக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

புது யூனிட்டில் முதல் நாள். "மொத நாளு, நான் டிராப் பண்றேன்," என்றார். பதற்றத்தில் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. என் லைனில் பதினெட்டுப் பெண்கள். ஒரகடத்தில் என்னோடு இருந்த இசக்கிசெல்வியும் இங்கே வந்துவிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 13, புதன்

வேலைக்குப் போகக் கார் தனக்கு வேண்டும் என்று இவர் வைத்துக்கொண்டார். இவருக்கு வாசலிலேயே கம்பெனி பஸ் வருகிறது. ஆனாலும் காரில் போய்விட்டார். நான் பஸ்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரரிடம் வண்டிப் புகழ் பாடிக்கொண்டிருக்கிறார். "ஜாம்ல காலு நோவே இல்லபா. சும்மா மிதக்குது. இனிமே கியர் வண்டிய எவன் ஓட்டுவான்?"

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பஸ் வரவே இல்லை. அடுத்ததைப் பிடித்துப் போவதற்குள் ஷிப்ட் ஆரம்பித்துவிட்டது. எங்கள் வேலையில் முதல் பீஸை லைன் லீடர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் லைன் ஓடும். நான் போகும்போது பதினெட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மேலே சிவப்பு விளக்கு எரிகிறது.

இசக்கிசெல்வி ஓடிவந்து, "எக்கா, மேனேஜர் ரெண்டு மட்டம் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. வேகமா வாங்கக்கா," என்றாள். மேனேஜர் சத்தம் போடவில்லை. "இந்த வேலைக்கு வேற ஆள் இல்லாம உங்களுக்குக் கொடுக்கலம்மா," என்றார். சத்தம் போட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து சாவியைக் கேட்டேன்.

"புது வண்டி காவேரி. கீறல் கீது வுழுந்தா? ரெண்டு மாசம் போவட்டும். நான் டிராப் பண்றேன்."

"உங்க ஷிப்ட் எட்டரைக்கு. எனக்கு ஆறு."

"ஒரு நாள் முன்ன பின்ன ஆனா இன்னா இப்போ?"

கிளட்ச் வராது என்று இவர் இனிமேல் சொல்ல முடியாது, வண்டியில் கிளட்ச்சே இல்லை. ஏற்றத்தில் நிறுத்திவிடுவாய் என்றும் சொல்ல முடியாது. அப்போதுதான் உறைத்தது. கியர் இருக்கா இல்லையா என்று இவ்வளவு நாள் சண்டை போட்டோமே, சண்டை கியரைப் பற்றியே இல்லை. எந்த வண்டி வந்திருந்தாலும் ஸ்டியரிங் அவர் கையில்தான் இருந்திருக்கும். நான் ஒரு முட்டாள். வேறென்ன சொல்ல.

ஆகஸ்ட் 23, சனி

பஸ். நின்றுகொண்டு.

செப்டம்பர் 4, வியாழன்

எனக்கு இன்று லீவு. காலையிலேயே வாக்குவாதம். நாளைக்கு நான்தான் எடுப்பேன் என்றேன். கதவை அறைந்து சாத்திவிட்டுக் காரில் போனார்.

எட்டு மணிக்குப் போன். இவர்தான். "இடது காலு தானா போயி அமுக்கிட்ச்சு காவேரி," என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வண்டிகள் வேகமாகப் போகும் இடம். பைக்கில் ஒருவன் குறுக்கே வந்திருக்கிறான். இத்தனை வருஷப் பழக்கம், கோபம் வேறு. கிளட்ச் என்று நினைத்து இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி நட்டநடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த லோடு வேன் இடித்து டிக்கி உள்ளே போய்விட்டது. இவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதோடு சரி. ஆஸ்பத்திரியில் பட்டை போட்டு அனுப்பினார்கள்.

நான் அங்கே போய் நின்று என்ன சொன்னேன் என்று நினைவில்லை. திட்டினேன் என்று நினைக்கிறேன். திட்டிக்கொண்டே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது மட்டும் தெரிகிறது. வேன் பெரிய லாரியாக இருந்திருந்தால்? வேண்டாம், எழுத வேண்டாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இவர் பேசுவதில்லை. "தோசை போதுமா?" என்றால் தலையாட்டக்கூட முடியவில்லை, கழுத்தில் பட்டை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சொன்னார், அதுவும் சுவரைப் பார்த்து. "ஒரு நாளைக்கு எத்தினி கியர்பாக்ஸ் என் கையில போவுது. என் காலு எனக்கே அடங்கல."

தோசையைத் திருப்பிப் போட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஒர்க் ஷாப் ஆள் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாவியை நீட்டினான். இவர் கை நீட்டவில்லை. உள்ளே போய் டிவி போட்டுக்கொண்டார். நான் வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தனியாக ஓட்டினேன். சுங்குவார்சத்திரம் வரைக்கும். வாலாஜாபாத் தாண்டும் வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன், தென்னேரி ஏரி வந்ததும்தான் பிடியைத் தளர்த்தினேன். எதிரே மணல் லாரி வந்தபோது மட்டும் சத்தமாக "முருகா" என்றேன்.

இசக்கிசெல்வி கேட் அருகிலேயே பார்த்துவிட்டாள். "எக்கா! நீங்களேவா ஓட்டிட்டு வந்தீய?" லைன் ஆறு மணிக்கு ஓடியது.

இரவு இவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கீறல் தேடியிருப்பார். இல்லை.

அக்டோபர் 15, புதன்

இவர் லைனை ஒரே ஷிப்டாகச் சுருக்கி, எட்டரைக்குத் தொடங்கியதைக் காலை ஆறரையாக்கிவிட்டார்கள். ஆட்கள் குறைந்ததால் வாலாஜாபாத்துக்குக் கம்பெனி பஸ்ஸும் வராது. சத்திரத்தில் போய்த்தான் ஏற வேண்டும். நேற்று ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார், "காலையில என்னையும் சத்திரம் வரைக்கும் வுட்டுடுறியா?"

விடியுமுன் கிளம்பினோம். பக்கத்து சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "லாரி வர்றான் பாரு" என்றார். "தெரியுது" என்றேன். "மெதுவா" என்றார். நாற்பதில் போகிறேன், இதைவிட மெதுவாகப் போனால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். வாய்வரை வந்த கோபத்தை முழுங்கிக்கொண்டு ஓட்டினேன்.

தென்னேரிக்கு அப்புறம் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் இவர் கண் அசந்து நான் பார்த்ததே கிடையாது.

சத்திரத்தில் இவருடைய பஸ் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தது. தோளைத் தட்டி எழுப்பினேன்.

"அதுக்குள்ள வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு, டிபன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.