ரங்குவின் போனில் ஆபீஸ்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. நிலாவின் ஸ்கூல் சாக்ஸை இஸ்திரி போட்டே காய வைத்து அனுப்பினேன். வேன் லேட். சாங்வி பக்கம் ரோட்டில் தண்ணீராம்.

ஹெட் ஆபீஸோடு வீடியோ கால். அங்கே அவர்களுக்குச் சாயங்காலம், ஜன்னலுக்குப் பின்னால் நல்ல வெயில். பார்க்கப் பொறாமை. இந்த வருஷத்து ‘மொபைல் ஸ்ட்ராட்டஜி’ வந்துவிட்டது. சுருக்கமாக: எங்களிடம் சாஃப்ட்வேர் வாங்கும் கம்பெனிகள் இனிமேல் தொழிலாளிக்கென்று தனி போன் வாங்கித் தர வேண்டாம். அவரவர் சொந்த போனிலேயே எங்கள் ஆப். அதில் வேலை வரும், மெஷின் வரைபடம் வரும், கம்பெனியின் பிடியும் வரும். ஸ்லைடில் ஹெல்மெட் போட்ட ஒருவர் போனைப் பார்த்துச் சிரிக்கிறார். ரிப்பேர் வேலை வந்த போனைப் பார்த்து அப்படிச் சிரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

புனேயில் முதல் கஸ்டமர் எது என்று பார்த்தால், ரங்குவின் ஃபேக்டரி. கசார்வாடி தாண்டி ஹைவேயில் இருக்கிறதே, அதேதான்.

உடனே மேதா மேடத்திடம் போனேன். எங்கள் டீமுக்குத் தலைவி, என் பாஸ். "மேடம், என் வீட்டுக்காரர் அங்கே மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர்."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரு மெயில் போட்டு வை. விலை பேசுற இடத்துக்கு மட்டும் நீ வராதே. மத்தபடி வேலையைப் பாரு."

தேங்காய் வாங்க மறந்தாச்சு.

ஜூலை 8, செவ்வாய்

நான் சொல்வதற்கு முன்பே ரங்குவுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபேக்டரி போர்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம், மராத்தியில்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டார். செவ்வாய்க்கிழமை சமையல் அவருடையது. "சுகு, இது என் போன்ல வந்துச்சுன்னா எதையெல்லாம் பார்க்க முடியும்?"

சொன்னேன். போட்டோ பார்க்க முடியாது. மெசேஜ் பார்க்க முடியாது. எங்கே இருக்கிறோம் என்பதை, மேலதிகாரி அந்த வசதியை ஆன் பண்ணினால், பார்க்கலாம். வேலையை விட்டுப் போனாலோ போன் தொலைந்தாலோ தூரத்திலிருந்தே அழிக்கலாம்.

"எதை அழிக்கறது? மெஷின் படத்தையா?"

"முழு போனையும்."

அடுப்பை அணைத்தார். "நிலா பொறந்தப்ப எடுத்த வீடியோ?"

"அதுவுந்தான்."

 கை கழுவி, துடைத்து, அப்புறம், "எனக்கு வேண்டாம் சுகு. தப்பா நினைச்சுக்காத."

கோபமெல்லாம் இல்லை. எதிர்வீட்டில் பாயசம் கொடுத்தால் வேண்டாம் என்பாரே, அதே குரல். கல்யாணமான புதிதில் இந்தக் குரலைக் கேட்டு இளகிய மனுஷன் என்று நினைத்தேன். நகர்த்த முடியாத மனுஷன் என்று பிறகுதான் தெரிந்தது.

நிலா எட்டிப் பார்த்து, "அம்மா, பப்பா நாராஜ் ஆயிட்டாங்களா?"

"கோபம்னு சொல்லு கண்ணு."

"ஹாங், கோபம்."

ரசம் மட்டும் நன்றாக இருந்தது.

ஜூலை 10, வியாழன்

மீட்டிங்கில் எடுத்தேன். சொந்த போன் என்றால் ஆபீஸ் பாதியை மட்டும் அழித்தால் போதாதா, லொகேஷன் எதற்கு என்று. சேல்ஸ் தேஜஸ் சிரித்தான். "கஸ்டமர் முதல்ல கேட்கறதே அந்த ரெண்டையுந்தான். அதை எடுத்துட்டு நான் எதை விற்கறது?"

அவன் சொல்வதும் பொய்யில்லை. எங்கள் தொழிலில் வாங்குகிறவர் வேறு, கையில் வைத்திருக்கிறவர் வேறு. வாங்குகிறவருக்குத்தான் ஸ்லைடு போடுகிறோம்.

மேதா மேடம் கேட்டுக்கொண்டார். டப்பாவைத் திறந்து பாதி சாபுதானா கிச்சடியை என் தட்டில் தள்ளினார். அவர் அப்படித் தள்ளினால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

குடை ஆபீஸிலேயே விட்டுவிட்டேன். தொப்பல்.

ஜூலை 13, ஞாயிறு

மழை கொஞ்சம் விட்டது. சேகர் வந்திருந்தார். ரங்குவின் ஃபேக்டரியில் ஃபிட்டர். பிறந்ததே கசார்வாடியில், அப்பா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். வாசலில் ரிக்‌ஷா நின்றது. யாருடையது என்று கேட்டேன்.

"மச்சானோடது அண்ணி. சுட்டி அன்னிக்கு, லீவுல, நான் ஓட்றேன். ஃபேக்டரியில தெரிஞ்சா ப்ராப்ளம். வேற வேலை பண்ணக் கூடாதுன்னு ரூல் இருக்குல்ல."

ரங்கு டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரொம்ப நாளாகத் தெரியும் போல. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அந்த ஆப் போட்டா நான் எங்கெங்க சுத்தறேன்னு ஜிஎம் சாஹேப் பார்ப்பாரா அண்ணி? சச் சொல்லுங்க, உண்மையா. செவ்வாய்க்கிழமை நீங்கதான் வந்து பேசறீங்களாம்."

பார்க்க முடியும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். போகும்போது நிலாவை ரிக்‌ஷாவில் ஒரு சுற்று கூட்டிப்போய் வந்தார். தலையெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு.

ஜூலை 15, செவ்வாய்

ஃபேக்டரி கேன்டீன். மேஜைகளை ஓரம் தள்ளி, சுவரில் புரொஜெக்டர். மெயின்டெனன்ஸ் ஆட்கள் எல்லோரும் யூனிஃபார்மில். முன் வரிசையில் ஜிஎம், பக்கத்தில் தேஜஸ். கடைசியில் தூணோரம் ரங்கு. வீட்டில் லுங்கியோடு பார்க்கிற ஆளை அங்கே சேஃப்டி ஷூவோடு பார்க்க ஒரு மாதிரி இருந்தது. நல்ல மாதிரிதான்.

என் ஹிந்தியில் ஆரம்பித்தேன். மெஷின் நின்றால் யார் போனுக்குச் செய்தி போகும், வரைபடம் எப்படித் திறக்கும், எல்லாம். நன்றாகவே கேட்டார்கள்.

பவார் என்று ஒருவர், எலக்ட்ரீஷியன், கை தூக்கினார். "வஹினி," என்றார். மராத்தியில் அண்ணி. "செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு நான் வீட்டுக்குப் போனா போன் என் பொண்ணு கையிலதான். ஹோம்வொர்க் அதிலதான் வருது. வீட்டுல எல்லாருக்கும் இருக்கறதே அந்த ஒரு போன்தான்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேட்கறேன், மனசுல வச்சுக்காதீங்க. ரங்கராஜ் சர் போன்ல இதைப் போட்டாச்சா?"

ரங்குவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஜாடை எதுவும் காட்டவில்லை. நான் என்ன சொன்னாலும் சரி என்பதுபோல நின்றார்.

"இல்லை. கேட்டேன். வேண்டாம்னுட்டார்."

 கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. பரிமாறுகிற அம்மா வரைக்கும். ரங்குவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

அதற்குமேல் எதை மறைப்பது? எது தெரியும், எது தெரியாது, எது அழியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவர்கூடப் போடவில்லை. ஜிஎம் கை கொடுக்காமல் எழுந்து போனார். திரும்பி வரும்போது காரில் தேஜஸ் ஒரே ஒரு வாக்கியம்: "இந்த ஆர்டருக்காக நான் எத்தனை தடவை இங்க வந்து உட்கார்ந்திருக்கேன் தெரியுமா?"

தெரியும். பாவம்தான்.

ஜூலை 16, புதன்

ஃபேக்டரியிலிருந்து மெயில். சோதனை முயற்சி நிறுத்தி வைப்பு.

மேதா மேடம் ரூமுக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீ பொய் சொல்லலை, அது சரி. ஆனா உன் புருஷனே மறுத்துட்டான்கிறதை எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். அதை நான் தேஜஸ் வாயால கேட்க வேண்டியதாப் போச்சு." வெள்ளிக்கிழமை கால் இருக்கிறது. ஹெட் ஆபீஸுக்கு நானே விளக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் ரங்கு முகம் வாடிக் கிடந்தது. அவரையும் ஜிஎம் கூப்பிட்டிருக்கிறார். உன்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் மாட்டேன் என்கிறார்கள் என்று. அசிஸ்டென்ட் மேனேஜர் பதவிக்கு ரங்குவின் பேர் போயிருந்தது. இனி அதைப் பேச வேண்டாம் என்றாராம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "எனக்காக ஒரு தடவை சரின்னு சொல்லியிருந்தா என்னங்க? நம்ம வீட்டு போன்தானே."

"சொல்லியிருந்தா அங்க நீ என்ன சொல்லியிருப்ப?"

"போட்டாச்சுன்னு சொல்லியிருப்பேன்."

"அப்புறம் எல்லாரும் போட்டிருப்பாங்க. சேகரும்."

 பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன். அவர் பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். சண்டை போட்டாலும் வேலையைப் பங்கு போடுகிற ஆளோடு எப்படித்தான் முழுசாகச் சண்டை போடுவது.

ஜூலை 18, வெள்ளி

காலையிலேயே கால். வயிற்றில் காபி மட்டும். நடந்ததைச் சொன்னேன், கேன்டீன் சிரிப்பைத் தவிர.

ஹெலன், இந்த ஸ்ட்ராட்டஜி மொத்தத்துக்கும் பொறுப்பு, பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தொழிலாளர்களுக்குப் புரிய வைப்பதில்தான் குறை என்று நினைக்கிறேன். இன்னும் நல்ல வீடியோ ஒன்று செய்வோம்."

வீடியோவா என்று கேட்கத் தோன்றியது. 

அதுவரை பேசாமலிருந்த மேதா மேடம் மைக்கை ஆன் பண்ணினார். "ஹெலன், என் போனிலும் நம் ஆப் கிடையாது." பையிலிருந்து எடுத்து கேமரா முன்னால் காட்டினார். இரண்டு போன். "இது ஆபீஸ். இது என்னுடையது. என் அம்மா கூப்பிடுவது இதில்தான். இதை யாரும் அழிக்க நான் விடமாட்டேன். இந்த வீடியோ காலில் இருக்கிற வேறு யாராவது ஒரே போன் வைத்திருக்கிறீர்களா?"

 கீழே குனிந்தவர்கள் சிலர். தேஜஸ் மேஜைமேல் இருந்த இரண்டையும் மெதுவாக ஃபைலுக்கு அடியில் தள்ளினான். பார்த்துவிட்டேன்.

ஹெலன் தன் கைகளைத் தூக்கினார். இரண்டு கையிலும் ஒவ்வொன்று. சிரிக்கவில்லை. "திங்கள் வரை எனக்கு நேரம் கொடுங்கள்."

கால் முடிந்ததும் மேதா மேடத்தைக் கட்டிக்கொண்டேன். மனுஷி விறைத்துப் போய், "சரி சரி, நாஷ்டா சாப்டியா?" என்றார். இரண்டு வடாபாவ் வாங்கி, இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

மெயில் வந்தது. ஹெலன் கையெழுத்தோடு.

சொந்த போனில் லொகேஷன் கிடையாது, ஆன் பண்ணும் வசதியையே எடுத்துவிடுவார்கள். அழித்தால் ஆபீஸ் பாதி மட்டும். மாட்டேன் என்பவர்களுக்கு ஷிஃப்டுக்கு ஒரு பொது போன், வேலை முடிந்ததும் வைத்துவிட்டுப் போகலாம். ஏன் மாட்டேன் என்று ஆப் கேட்காது. லொகேஷன் வேண்டும் என்கிற கம்பெனி போனைத் தானே வாங்கித் தரட்டும்.

தேஜஸ் முணுமுணுத்தான். ஆனாலும் அவன்தான் மழையோடு மழையாக ஜிஎம்மைப் போய்ப் பார்த்தான். அவர் பயந்தது மெஷின் வரைபடம் வெளியே போய்விடுமோ என்றுதானாம். அது அழியும் என்றால் சரி என்றாராம். லொகேஷனைப் பற்றி முகத்தைச் சுளித்துவிட்டு விட்டுவிட்டார். தேஜஸுக்கு நாளை ஃபில்டர் காபி வாங்கித் தர வேண்டும்.

ரங்குவின் பதவி விஷயம் அப்படியே கிடக்கிறது. நான் கேட்டால், "அது கிடக்குது போ" என்கிறார். ராத்திரி புரண்டு படுக்கிறார். தெரிகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

எழுதி ரொம்ப நாளாச்சு. நிலாவுக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்கு.

ஃபேக்டரியில் இன்று தொடங்கியாச்சு. நான் போகவில்லை, ரங்கு சொல்லித்தான் தெரியும். பவார் சொந்த போனில் போட்டுக்கொண்டாராம். பெண் அதைப் பிடுங்கிப் பார்த்து, ஆபீஸ் பாதிக்குத் தனிப் பூட்டு என்றதும் ஆர்வம் போய்விட்டதாம். சேகர் பொது போன். இன்னும் நிறையப் பேர் பொது போன்தான். ஜிஎம் ஒன்றும் சொல்லவில்லை. ரங்குவிடம் ஏதோ ஒரு மெஷினைப் பற்றி வழக்கம்போல் பேசினாராம். ரங்கு அதை ரெண்டு தடவை சொன்னார்.

சாப்பிட்டு முடித்து, "என் போன்லயும் காட்டு, எப்படி வருதுன்னு பார்க்கறேன்" என்றார். இப்போதாவது சரி என்பாரோ என்று எனக்குள் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது, ஒத்துக்கொள்கிறேன். இவ்வளவுக்கும் பிறகு.

இந்த போனில் போடலாமா என்று திரையில் கேள்வி வந்தது. கீழே இரண்டு பொத்தான். தமிழில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படித்தார். நிலாவும் தோள்மேல் தொங்கிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். "வே-ண்-டா-ம்."

"அதேதான் கண்ணு," என்று சொல்லி அதை அமுக்கினார்.

‘சரி’ என்று வந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

போனைத் திருப்பி என்னிடம் காட்டினார், முகமெல்லாம் சந்தோஷமாக. "நல்லா பண்ணியிருக்கீங்க சுகு."