லைட் மட்டும்தான் கோளாறு

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் மூட்டம். பத்துக்கு வெயில். மூன்றுக்கு மேல் இடியும் மழையும்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து நாலு தடவை. மறந்தது ஒரு தடவை. ஆயுத பூசைக்குக் கராஜில் கட்டிய மாவிலைத் தோரணம் சருகாகிவிட்டது, கழற்ற வேண்டும். காரின் நெற்றியில் வைத்த சந்தனத்தை மட்டும் துடைக்கக் கூடாதாம். மனைவி சாந்தியின் உத்தரவு. வீட்டிலும் பிரின்சிபல்தான்.

3.40க்கு ஸ்கூலிலிருந்து காரில் வந்தாள். குடையைக்கூட மடக்கவில்லை.

"என்னங்க, மஞ்சளா ஒரு லைட் எரியுது."

போய்ப் பார்த்தேன். சட்டியைக் குறுக்கே வெட்டினதுபோல ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. மேலே ஸ்க்ரீனில் ஒரு வரி ஜப்பான் எழுத்து. ஐந்து வருடம் அங்கே ஓடிவிட்டு வந்த கார், வேறு பாஷை பேசமாட்டேன் என்கிறது. ஃபோன் கமெராவைக் காட்டினேன். மொழிபெயர்ப்பு: "டயரின் காற்று அழுத்தம் தாழ்ந்துள்ளது. பாதுகாப்பான இடத்தில் ஓய்வெடுங்கள்." கண் ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து நான் செய்வது அதைத்தான்.

"ஓட்டலாமா கூடாதா?"

"பாக்கிறேன்" என்றேன்.

அக்டோபர் 4, சனி

மழை இல்லை. வெக்கை.

புரை எடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள். டாக்டர் சொல்லும்வரை ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது. ஆகவே வீட்டில் ஒரே டிரைவர் சாந்தி, சுருக்கமாக சா. லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம், வயது நாற்பத்தொன்பது. போன மாதம் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்கு மாற்றம். வீடு இருக்கும் தென்னேகும்புரவிலிருந்து பஸ், இன்னொரு பஸ், பிறகு த்ரீவீல், ஆக இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. காரில் என்றால் ஒன்று.

முதல் வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். மூன்றாம் நாள் திகனவில் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். "எனக்கு வேணாங்க. நான் பஸ்ஸிலயே போறேன்." மறுநாள் அவளே சாவியை எடுத்தாள். இப்போது தனியாகப் போகிறாள், வரும்போது இரண்டு டீச்சர்மாரை வேறு ஏற்றி வருகிறாள். மறுபடி பயந்துவிட்டால் அவ்வளவுதான். அதுதான் என் கவலை.

இன்றைய சோதனை:

கண்ணால் பார்த்தது. நாலும் ஒரே மாதிரி. (பார்த்தது ஒரு கண்.)

காலால் உதைத்தது. எதிர்வீட்டு பண்டார மாத்தயாவும் வந்து உதைத்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டின மனுஷன். "லைட் சும்மா எரியும் ஐயா. இது கல்லு மாதிரி இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

கால் பம்ப். மீட்டர் முள் பூஜ்யத்தில் செத்துக் கிடக்கிறது.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர்: முன் 33, பின் 32. தெரிந்து என்ன, அளக்க வழியில்லை. திகன டயர் கடைக்குப் போகலாம். சா.தான் ஓட்ட வேண்டும். போய்ச் சேர்வதற்குள் வெடிக்குமா வெடிக்குமா என்று பத்துத் தடவை கேட்பாள். ஒத்திப்போட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மதியம்வரை நல்ல வெயில்.

காரின் கையேடு டாஷ்போர்டுப் பெட்டியில் இருந்தது. அதுவும் ஜப்பான் பாஷையில். பக்கம் பக்கமாக ஃபோனைக் காட்டி ஒரு மணித்தியாலம். கிடைத்தது: ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு சின்னப் பட்டன்.

1. டயர் குளிர்ந்திருக்கும்போது நாலுக்கும் சரியான காற்று அடிக்கவும்.
2. ஸ்டார்ட் செய்யவும்.
3. லைட் மூன்று தரம் சிமிட்டும்வரை பட்டனை அமுக்கிப் பிடிக்கவும்.

முதலாவதை விட்டுவிட்டேன். உதைத்துப் பார்த்தாயிற்றே. அமுக்கினேன். மூன்று தரம் சிமிட்டியது, போயே போய்விட்டது. சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம். சா.வைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என்ன செஞ்சீங்க?"

"காத்தெல்லாம் சரி. லைட் மட்டும்தான் கோளாறு. இந்தப் பட்டன அமுக்கினா போயிரும்."

குனிந்து பார்த்தாள். "இதுவா?"

"அதேதான்."

மதியம் கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

அக்டோபர் 6, திங்கள், போயா

பௌர்ணமி லீவு, ஸ்கூல் இல்லை. சா. டைம்டேபிளோடு உட்கார்ந்துவிட்டாள். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் இல்லையாம், தானே எடுக்கப் போகிறாளாம்.

தோரணம் கழற்றியாயிற்று. அடித்தது எட்டு ஆணி, கையில் வந்தது ஏழு. தேடினேன், கிடைக்கவில்லை. சொட்டு மருந்து நாலு தடவையும் போட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இதை இரவில் எழுதுகிறேன்.

2.20க்கு ஃபோன். "என்னங்க, கார் ஆடுது. நிப்பாட்டிட்டேன்."

எங்கே? ஹுன்னஸ்கிரியவுக்குக் கீழே, ஒரு வளைவு தாண்டி. பின்சீட்டில் டீச்சர்மார் இருவர். இறங்கி நிற்கிறார்களாம். யாருக்கும் ஒன்றும் இல்லை. இதை மூன்று தரம் கேட்டேன்.

"காலையில போகும்போதே அந்த லைட் வந்துச்சு. நீங்க சொன்னமாதிரி பட்டன அமுக்கினேன். போயிருச்சு. இப்ப எறங்கி வரும்போது பிரேக் புடிச்சா வால் தனியாப் போகுது. மதில்ல முட்டப் பாத்தேன்."

அந்த மதிலை எனக்குத் தெரியும். முழங்கால் உயரம்தான். அதற்கு அப்பால் பள்ளம்.

த்ரீவீல் பிடித்துத் திகன. டயர் கடை பஸீர் நானா கேள்வி கேட்காமல் ஜாக்கியையும் ஒரு பழைய சில்லையும் வேனில் போட்டார்.

பின்பக்கம் இடது. ரிம் தரையைத் தொடாத குறை. சா. கொஞ்சம் தள்ளி, டீச்சர்மாரோடு குடைக்குள் நின்றாள். நானா சில்லைக் கழற்றி உருட்டினார். ஒரு இடத்தில் நின்றார். குறட்டால் இழுத்தார். ஒரு அங்குல ஆணி, தட்டைத் தலை. பூசைக்கு நான் வாங்கின பாக்கெட்டில் உள்ளது. எட்டாவது.

"இது நாலஞ்சு நாளாக் கொஞ்சங் கொஞ்சமாப் போயிருக்கு சேர். லைட் காட்டலியா?"

சொன்னேன். முழுதும்.

"என்ன சேர் நீங்க. காத்து அடிக்காம அமுக்கினா, இருக்கிற காத்துதான் சரியான காத்துன்னு அது நெனச்சுக்கும். ரெண்டாந்தரம் அமுக்கினா இன்னும் கொறஞ்சதச் சரின்னு நெனக்கும். பெறகு எங்க லைட் வரும்?" குரலைத் தாழ்த்தினார். "டீச்சர் அந்த எடத்துல நிப்பாட்டினாங்களே, அதுக்கு அல்லாஹ்வுக்குத்தான் நன்றி சொல்லணும்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று அடுத்தவனைக் கேட்பவன் நான். இங்கே பூனையின் கண்ணைப் பொத்தி, மனைவியை மலையேற விட்டிருக்கிறேன்.

பழைய சில்லைப் பூட்டினார். தானே ஓட்டி வரட்டுமா என்று கேட்டார். சா. "வேணாம் நானா, நானே ஓட்டுறேன்" என்றாள். திகனவரை முப்பதுக்கு மேல் போகவில்லை. கடையில் புது டயர் போட்டார்கள். போடும்வரை அவள் நானாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வெளியே பெஞ்சில். காற்று அளக்கும் மீட்டர் ஒன்றையும் அவளே வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து தேநீர். மழை. சொல்லலாமா வேண்டாமா என்று ஆறுமணிவரை ஹோலுக்கும் குசினிக்கும் நடந்தேன். டைம்டேபிளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"அன்னைக்கு நான் காத்து பாக்கவே இல்ல. சும்மாதான் அமுக்கினேன்."

"தெரியும். நானாகிட்ட அந்தப் பட்டன் எதுக்குன்னு கேட்டேன். நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"நீ பயந்து கார விட்டுருவேன்னுதான்..."

"பயப்படுறதா வேணாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்?"

அடிமட்டத்தை எடுத்து இன்னொரு கோடு போட்டாள்.

"காலையில லைட் வந்தப்ப எனக்கு நிப்பாட்டணும்னுதான் தோணுச்சு. நீங்க சொன்னீங்களேன்னுதான் போனேன். ரெண்டு புள்ளைங்கள வேற பின்னால ஏத்திக்கிட்டு வந்தேன்."

டீச்சர்மாரைப் பிள்ளைகள் என்றாள். இரண்டுபேருக்கும் இருபத்தைந்துக்குள்தான் இருக்கும்.

அவளுக்காகத்தான் செய்தேன் என்று இங்கே எழுதப் பார்த்தேன். பாதிதான் உண்மை. எனக்குத் தெரியவில்லை என்று அவளிடம் சொல்லப் பிடிக்கவில்லை, அது மற்றப் பாதி. வெட்கமாக இருக்கிறது.

சாப்பாடு: பாண், பருப்பு.

அக்டோபர் 8, புதன்

மூட்டம். குளிர். 5.45.

நான் எழும்பும்போதே கராஜில் லைட். பஸ்ஸில் போவாள் என்று நினைத்திருந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். புது மீட்டர். ஒவ்வொன்றாக அளந்து தனக்குத்தானே வாசித்தாள். முப்பத்துமூணு. முப்பத்துமூணு. முப்பத்திரண்டு. கடைசி டயரில் மீட்டரை எடுத்துவிட்டு இன்னொரு தரம் வைத்தாள். முப்பத்திரண்டு.

டோர்ச் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தெரிகிறது என்றாள்.

கையைத் துடைத்தாள். ஏறினாள். ஸ்டார்ட் செய்து, ஸ்க்ரீன் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டன் பக்கம் கை போகவில்லை. நான் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் போய்க் கையைத் தூக்கினேன், வா வா என்று காட்ட.

கண்ணாடியை இறக்கினாள்.

"தள்ளி நில்லுங்க. நான் பாத்து எடுக்கிறேன்."

தள்ளி நின்றேன்.